குறைத்துக் கேட்கிற ஏலம்

திங்கட்கிழமைச் சந்தையில் வெண்ட்லாவின் மீன் ரொட்டி ஒன்றுகூட விலைபோகவில்லை.

சந்தைக்குக் கூட்டம் இல்லாமல் இல்லை. பிப்ரவரியில் ஏரி உறைந்து கல்லாகிவிட்டால் எதிர்க்கரைப் பண்ணைக்காரர்கள் கரையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை, குதிரையைப் பனிக்கட்டி மேலேயே நேராக விரட்டி வந்துவிடுவார்கள். அன்றும் வந்திருந்தார்கள். வெண்ணெய்ப் பீப்பாய்கள், விறைத்துப்போன பன்றிகள், வைக்கோல் கட்டுகள், குதிரைகளின் மூக்கிலிருந்து புகையாய் மூச்சு. வருகிறவர்கள் வெண்ட்லாவின் கூடைக்கு முன்னால் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் போனார்கள். ரை என்கிற கறுப்புத் தானிய மாவைப் பிசைந்து, விரல் நீள ஏரி மீனையும் பன்றிக் கொழுப்பையும் உள்ளே அடுக்கி மூடி, ஒரு முழுப் பொழுது அடுப்பில் கிடந்து வெந்த ரொட்டிகள். கம்பளிக்குள் சுற்றி வைத்திருந்தும் பத்து மணிக்குள் சூடு ஆறிப் போயிற்று.

பக்கத்துப் பலகையில் மீன்காரி தில்தா நின்றிருந்தாள். ஏழு வருஷமாக வெண்ட்லா மீன் வாங்குவது அவளிடம்தான்.

"என்ன தில்தா, ஊருக்கே இன்னிக்கு வயிறு சரியில்லையா?"

"ஊரு வயிறு நல்லாத்தான் இருக்கு. உன் பேனாதான் சரியில்ல."

"பேனாவையா விக்க வச்சிருக்கேன்? ரொட்டிதானே."

"ரெண்டும் ஒரே கைதானே பிசையுது?" தில்தா குரலைத் தாழ்த்தினாள். "சொல்றேன்னு கோவிச்சுக்காத. நாளையிலேருந்து எங்கிட்ட மீனுக்கு வராத. கெல்பெர்க் ஐயா வீட்டு ஆளு காலையிலேயே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. என் மீனு பாதி அந்த வீட்டு அடுப்புக்குத்தான் போகுது. எனக்கும் வயிறு இருக்குல்ல."

"நாடகத்த இன்னும் யாரும் பாக்கவே இல்லையே தில்தா."

"எதுக்குப் பாக்கணும்? அதுல என்ன இருக்குன்னு சனிக்கிழமைப் பேப்பர்லயே போட்டாச்சு. உனக்கு எழுத வேற எதுவும் கெடைக்கலையா? காதல், கல்யாணம், பேய், பிசாசுன்னு எதையாவது எழுதித் தொலைக்கக் கூடாது?"

வெண்ட்லாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த புருஷன் நுரையீரல் காய்ச்சலில் போனபோது நாலு பெண் பிள்ளைகளும் ஒரு செங்கல் அடுப்புமே மிஞ்சின. அடுப்பு பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. ஊர்ப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவது புருஷன் இருந்த காலத்திலேயே அவள் வேலைதான், கையெழுத்து மட்டும் அவனுடையதாக இருந்தது. அவன் போன பிறகு தன் பேரையே போட்டு எழுதினாள். சாராய வடிசாலைகளைப் பற்றி எழுதினாள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று எழுதினாள். பாதிரியார் பிரசங்கத்திலேயே அவளைக் குத்திப் பேசினார். அந்தப் பிரசங்கத்துக்கும் மறுவாரம் பதில் எழுதினாள். அப்போதெல்லாம் ஊர் முறைத்தது, ஆனால் ரொட்டி வாங்கியது.

இந்த நாடகம் அப்படியில்லை. இது ஏலத்தைப் பற்றியது.

அந்த ஊரில் நாதியற்றவர்களை ஏழைகள் வாரியம் வருஷத்துக்கு ஒருமுறை ஏலத்தில் விடும். கூட்டிக் கேட்கிற ஏலம் அல்ல, குறைத்துக் கேட்கிற ஏலம். ஒரு குழந்தையை வருஷம் முழுக்க வைத்துச் சோறு போட வாரியம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். யார் குறைத்துக் கேட்கிறாரோ குழந்தை அவருக்கு. குறைத்துக் கேட்டவர் சோற்றையும் குறைத்துத்தான் போடுவார், வேலையைக் குறைக்கமாட்டார். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்தீனா என்று ஒரு ஏழு வயதுப் பெண்ணைத் தோல் பட்டறை முதலாளி கெல்பெர்க்கின் மைத்துனன் அப்படித்தான் எடுத்துப் போனான். மார்ச் மாதம் அது கன்றுக்குட்டிக் கொட்டிலில் விறைத்துக் கிடந்தது. கெல்பெர்க்தான் வாரியத் தலைவர். விசாரணையும் அவரே நடத்தினார். குழந்தைக்குப் பிறவியிலேயே பலவீனம் என்று முடிந்தது.

வெண்ட்லா நாடகத்தில் குழந்தைக்கு ஆன்னி என்று பேர் வைத்திருந்தாள். பண்ணையின் பேரை மாற்றியிருந்தாள். கொட்டிலை மட்டும் மாற்றவில்லை. தலைநகரிலிருந்து வந்த நாடகக் குழு வியாழக்கிழமை மாலை நகர மண்டபத்தில் அதை ஆடப் போகிறது. அதற்கு இரண்டாம் நாள், சனிக்கிழமை, இந்த வருஷத்து ஏலம்.

ரொட்டிகளை அப்படியே சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூத்தவள் செல்மா, பதினாறு வயது, வண்டியின் கனத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஒண்ணுகூடவா?"

"நாமளே தின்னலாம். மீன் ரொட்டி ஒரு வாரம் கெடாது."

"அடுத்த வாரம்?"

வெண்ட்லா கையுறையைக் கழற்றி அடுப்போரம் வைத்தாள்.

மத்தியானம் கெல்பெர்க்கே வந்தார். நரித்தோல் காலர் வைத்த கோட்டு, அதைக் கழற்றவில்லை. பெரிய மனிதர்களோடு சுவீடிஷ் பேசுகிறவர், சமையற்கட்டுக்குள் வந்தால் சாதாரண சனம் பேசுகிற தன் அம்மாவின் பாஷைக்கு இறங்கிவிடுவார்.

"உக்காருங்க."

"இருக்கட்டும். அடுப்பு நல்லா எரியுது. இந்தத் தெருவுலயே நல்ல அடுப்பு இதுதான்னு வாத்தியார் சொல்லிக்கிட்டிருப்பாரு." மாவுப் பலகையில் விரலை வைத்து எடுத்துப் பார்த்தார். "வாத்தியார் இருந்திருந்தா இந்தக் கண்றாவி நடந்திருக்குமா?"

"அவர் இருந்திருந்தா அவர் பேர்ல நடந்திருக்கும்."

கெல்பெர்க் சிரித்தார். "வாய் இருக்கு உனக்கு. நான் சண்டைக்கு வரல, வெண்ட்லா. நாடகக்காரங்க இன்னிக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. நாம இங்கதான் கெடக்கணும். செத்த பிள்ளைய எதுக்குத் தோண்டுற?"

"பிள்ளைய இல்ல ஐயா. ஏலத்தைத் தோண்டுறேன்."

"ஏலம் நான் கொண்டுவந்ததா? என் தாத்தா காலத்திலேருந்து நடக்குது. அந்த ஏலம் இல்லன்னா அந்தப் பிள்ளைங்க ரோட்டுல சாகும். அத எழுத மாட்ட." கதவுப் பக்கம் திரும்பியவர் அங்கேயே நின்றார். செல்மா தண்ணீர் வாளியோடு உள்ளே வர, கடைசிக் குழந்தை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "உனக்கு நாலு பொண்ணு. சந்தையில ரொட்டி போகலையாம். மீன்காரி மீன் குடுக்க மாட்டாளாம். இப்படியே போனா ஒரு வீடு எத்தனை நாள் ஓடும்? ஓடலன்னா, விதவை வீட்டுப் பிள்ளைங்கள வாரியம்தான் பாக்கணும். வாரியம் எப்படிப் பாக்கும்னு ஊருக்கே நாடகம் போட்டுக் காட்டப் போறியே. உனக்குத் தெரியாததா?"

அவர் போன பிறகும் நரித்தோலின் வாடை சமையற்கட்டில் நின்றது. செல்மா வாளியைத் தரையில் வைத்த வேகத்தில் தண்ணீர் சிதறியது.

"நிறுத்தும்மா. நாடகம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு."

"பயமா இருக்கா?"

"பயமில்ல. ஆத்திரமா இருக்கு. அவர் மேல இல்ல, உன் மேலதான். எழுதுறது நீ. எங்களைத்தானே பிடிச்சுட்டுப் போவாங்க?"

வெண்ட்லா குனிந்து சிதறிய தண்ணீரைத் துணியால் ஒற்றினாள். மகள் சொன்னதில் பொய் இல்லை.

மறுநாள் காலையில் அவள் ஏரிக்குப் போனாள். குஸ்தாவா என்கிற வண்ணாத்தியைப் பார்க்க வேண்டியிருந்தது. செத்துப்போன ஸ்தீனாவின் அம்மா அவள். இத்தனை நாள் பார்க்காமல் இருந்ததே தப்பு என்று வெண்ட்லாவுக்குத் தெரியும். எழுதும்போது போக நினைத்தாள். எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளினாள். முடித்த பிறகு, ஆடட்டும், அப்புறம் போகலாம் என்று தள்ளினாள்.

கரையிலிருந்து நூறடி தள்ளிப் பனிக்கட்டியை வெட்டிக் கட்டில் அகலத்துக்குக் குழி எடுத்திருந்தார்கள். கறுப்புத் தண்ணீர் ஆவி விட்டது. காற்றைத் தடுக்க ஊசியிலை மரக் கிளைகளைச் சுற்றிலும் நட்டிருந்தார்கள். குஸ்தாவா முட்டிபோட்டுக் குனிந்து, சாம்பல் காரத்தில் வேகவைத்து வந்த படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். அலசிப் பலகையில் போட்டு மரக்கட்டையால் அடிப்பாள். நாலு அடிக்கு ஒருமுறை பக்கத்தில் இருந்த வெந்நீர் வாளிக்குள் கையை முக்கி எடுப்பாள். அந்தக் கை வேகவைத்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. அடிப்பதற்குள் துணியின் ஓரம் உறைந்து மொடமொடவென்று நின்றது.

"குஸ்தாவா."

"தெரியுது. நடையப் பாத்தாலே தெரியுது." அவள் நிமிரவில்லை. "ரொட்டிக்காரி ஏரிக்கு எதுக்கு வந்தா? மீன் பிடிக்கவா? தில்தா குடுக்கலியாமே."

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்ப என்ன கேக்கப் போற? எல்லாத்தையும் எழுதிட்டியாமே. என் பொண்ணு கொட்டில்ல எப்படிக் கெடந்தான்னு சனிக்கிழமை நான் பேப்பர்ல படிச்சேன். துணி குடுக்கப் போன வீட்டுல, சமையக்காரி கையில இருந்து வாங்கிப் படிச்சேன். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்."

"வந்து சொல்லியிருக்கணும். தப்புதான்."

"தப்பா!" கட்டை ஓங்கி இறங்கியது. "அவ செத்த அன்னிக்கு என்னைப் பாக்க விடல. நான் இன்னொரு பண்ணையில மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தேன். என்னையும் அதே நாள்ல, அதே பெஞ்சுல நிக்க வச்சுத்தானே ஏலம் விட்டாங்க? காய்ச்சல்லேருந்து எழுந்த உடம்பு, நிக்கக்கூட முடியல, சுவரப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அங்க யார் யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். மறக்கல. நீயும் இருந்த."

வெண்ட்லா கிளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருந்தியா இல்லியா?"

"இருந்தேன்."

"எதுக்கு வந்த? பிள்ளைய எடுத்துட்டுப் போகவா?"

"ரொட்டி விக்க."

"ஆங். ரொட்டி விக்க. ஏலம் நடக்கிற எடத்துல கூட்டம் சேரும், நல்லா விக்கும். கூடையோட சுத்தி வந்த. என் பொண்ணு பசியில உன் கூடையையே பாத்துக்கிட்டிருந்தா. நீ அவளப் பாத்த. நான் உன்னப் பாத்தேன். ஒரு துண்டு பிச்சுக் குடுத்தியா?"

"இல்ல."

"உன் நாடகத்துல கெல்பெர்க் இருக்கானாம். மைத்துனன் இருக்கானாம். பாதிரிகூட இருக்காராம். ரொட்டிக்காரி எங்கடி?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெண்ட்லா மறக்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் கண் கூடையின் மேல் இருந்த கம்பளியை விலக்கிக்கொண்டு உள்ளே போவது போல இருந்தது அவளுக்கு அன்றைக்கு. ஒன்றுக்குக் கொடுத்தால் பெஞ்சில் நிற்கிற ஒன்பது பேருக்கும் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் நகர்ந்தாள். எழுதும்போது அந்த இடம் வந்தது. பேனா அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

"நான் நாடகத்த நிறுத்திடுறேன், குஸ்தாவா. நீ சொன்னா நிறுத்திடுறேன்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். புருவத்தில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"கெல்பெர்க்கும் அதத்தான் கேக்குறான். நானும் அதையே கேக்கணுமா? நல்லா இருக்குடி உன் ஞாயம். என் தலையில கட்டிட்டு நீ வீட்டுக்குப் போயிடுவ." விரிப்பைப் பிழிந்து வண்டியில் எறிந்தாள். "நிறுத்துறியோ ஆடுறியோ, போ. வெந்நி ஆறுது."

நாடகக் குழுத் தலைவர் நிகாண்டர் விடுதி அறையில் பூட்சைக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஏரியிலிருந்து நேரே வந்த வெண்ட்லா, ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் புதிதாக ஒரு பாத்திரம் என்றதும் தலையில் கைவைத்தார்.

"அம்மா, ரெண்டாம் அங்கத்துல கண்ணீர் விட்டுக்கிட்டிருக்கும் சனம். அங்க ஒருத்தி 'மீன் ரொட்டி, மீன் ரொட்டி'ன்னு கத்திக்கிட்டு வந்தா சிரிச்சுத் தொலைக்கும்."

"சிரிக்கட்டும்."

"உங்க ஊர்ல மீன் ரொட்டி விக்கிறவங்க எத்தனை பேர்?"

"சந்தையில நான் ஒருத்திதான்."

நிகாண்டர் பூட்சைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காகிதத்தைக் கேட்டு வாங்கினார்.

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பார்க்கக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் பண்ணினவர்கள்தான் முதல் வரிசையில் இருந்தார்கள். கெல்பெர்க், பெண்டாட்டி, மைத்துனன். பின்னால் நிற்கிற இடத்தில் பட்டறை ஆட்கள், வேலைக்காரிகள், எதிர்க்கரைப் பண்ணைக்காரர்கள். ஈரக் கம்பளியும் மண்ணெண்ணெய் விளக்கும் புகையிலையும் கலந்து நாறியது. வெண்ட்லா ஓரத்து நாற்காலியில் செல்மாவோடு உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி இரண்டும் காலியாகவே இருந்தன. கூட்டம் அலைமோதியும் அதில் யாரும் வந்து உட்காரவில்லை.

முதல் அங்கத்தில் இருமலும் முணுமுணுப்பும். இரண்டாவதில் ஏலம். மேடையில் பெஞ்சு, அதன் மேல் ஆன்னியாக ஒரு சின்ன நடிகை, மேசைக்குப் பின்னால் தலைவர் வேடம். "இதுக்குக் கீழ யாரு? யாரு கொறச்சுக் கேக்குறது?" என்று சுத்தியலைத் தூக்கியபோது முதல் வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அந்த நேரம் பார்த்து ஓரத்திலிருந்து கூடையும் தலைத்துணியுமாக ஒரு பெண் வந்தாள்.

"மீன் ரொட்டி! சூடான மீன் ரொட்டி!"

மண்டபம் ஒரு கணம் விழித்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவன், "டேய், அது நம்ம வெண்ட்லாடா!" என்றான்.

சிரிப்பு கூரையைத் தூக்கிற்று. மேடையில் அந்தப் பெண் பெஞ்சில் நிற்கிற குழந்தையைப் பார்க்கிறாள், குழந்தை கூடையைப் பார்க்கிறது, அவள் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு நகர்கிறாள். எழுதியது அவ்வளவுதான். சனத்துக்கு அது போதுமாக இருந்தது. எத்தனை நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சோ, எல்லோரும் ஒன்றாக விட்டார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

"பாத்தியா, எழுதின கையே திருட்டுக் கை!"

"ஊருக்கு உபதேசம், கூடைக்கு மூடி!"

கெல்பெர்க் எழுந்து நின்று கைதட்டினார். நிதானமாக, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகத் தட்டினார். செல்மா அம்மாவின் கையைப் பிடித்தாள். வெண்ட்லா எழுந்து, "ஆமா, நான்தான்" என்றாள். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

குரல் பின்சுவரோரத்திலிருந்து வந்தது. ஏரியின் மேல் நின்று பேசிப் பழகிய குரல், கத்தாமலே மண்டபம் முழுக்கப் போயிற்று. குஸ்தாவா தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ரொட்டி வித்தவளப் பாத்துச் சிரிக்கிறீங்க. வாங்கித் தின்னவங்க யாரு?"

சிரிப்பு பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரைக்கும் வரிசை வரிசையாக அடங்கியது.

"நான் அந்தப் பெஞ்சுல நின்னேன். எம் பொண்ணு எம் பக்கத்துல நின்னா. தில்தா, நீ ஒண்ணு வாங்கி, உங்க அக்காவுக்குப் பாதி குடுத்த. சாரட்டுக்கார பெண்டிக், நீ ரெண்டு வாங்கின, ஒண்ண முடிச்சுட்டு விரலச் சூப்பின. கெல்பெர்க் ஐயா, நீங்க வாங்கல. உங்களுக்கு மேசைக்கே காப்பி வந்தது. உங்க மைத்துனர் வாங்கினாரு. ஒரு கையில ரொட்டிய வச்சுக்கிட்டு இன்னொரு கையத் தூக்கித்தான் எம் பொண்ண எடுத்தாரு. மென்னுக்கிட்டேதான் தொகையச் சொன்னாரு. காதுல சரியா விழல, திருப்பிச் சொல்லச் சொன்னீங்க."

மேடையில் நடிகர்கள் அப்படியே நின்றார்கள்.

"அவ பேரு ஆன்னி இல்ல. ஸ்தீனா." குஸ்தாவா தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். "ஆடுறவங்க ஆடுங்க."

ஆடினார்கள். கடைசி வரை ஒருவரும் எழுந்து போகவில்லை, ஒருவரும் கைதட்டவும் இல்லை. முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோட்டைத் தேடினார்கள். வெண்ட்லா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். குஸ்தாவா படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"குஸ்தாவா, நீ எனக்காக..."

"உனக்காகவா?" அவள் திரும்பிப் பார்த்த பார்வை கட்டையடி மாதிரி இருந்தது. "தள்ளிப் போ."

சனிக்கிழமை ஏலம் நின்றுவிடும் என்று வெண்ட்லா உள்ளுக்குள் நம்பினாள். நிற்கவில்லை. ஊர் அப்படியெல்லாம் ஒரு நாடகத்துக்கு நின்றுவிடுமா? பத்து மணிக்கு ஊர் மன்றக் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் மேசை போட்டார்கள். வழக்கமாகத் தெரு வரைக்கும் நிற்கிற கூட்டம் அன்றைக்கு முப்பது பேர்தான். அவர்களும் சுவரோரம் சுவரோரமாக நின்றார்கள்.

வெண்ட்லா கூடை இல்லாமல் போனாள். கையில் காகிதமும் பென்சிலும்.

"உனக்கு இங்க என்ன வேல?" என்றார் கெல்பெர்க்.

"பத்திரிகைக்கு எழுதணும். யாரு எடுக்குறாங்க, எவ்வளவுக்கு எடுக்குறாங்க, பேரோட போடப் போறோம்."

"வெளிய போ."

மேசை ஓரத்தில் இருந்த கிழட்டு எழுத்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "பொது ஏலங்க. யார வேணும்னாலும் இருக்கலாம். விதி அப்படி."

முதலில் ஒரு குருட்டுக் கிழவர் போனார், பிறகு கைவிளங்காத ஒரு தோல் பட்டறை ஆள். வெண்ட்லா எழுதினாள். பேர் எழுதுகிறாள் என்று தெரிந்ததும் கேட்கிறவர்கள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்கள். மூன்றாவதாக அக்காவும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றினார்கள். மூத்தவள் ரீக்கா, ஏழு வயது. சின்னது ஹில்யா, நாலு. அம்மா கிறிஸ்துமஸுக்கு முன்னால் இறந்துவிட்டாள். ஒரே சால்வையில் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றியிருந்தார்கள்.

"முதல்ல மூத்தது. பாலு கறக்கும். எவ்வளவு?"

மைத்துனன்தான் முதலில் கேட்டான். வருஷத்துக்கு நாற்பது மார்க் பணம். ஒரு பண்ணைக்காரன் முப்பத்தைந்து என்றான். மைத்துனன் முப்பது. அதற்குக் கீழே யாரும் கேட்கவில்லை. கெல்பெர்க் சுத்தியலைத் தூக்கினார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

கதவோரத்தில் குஸ்தாவா. துணி வண்டியை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தாள், இடுப்பில் கட்டியிருந்த ஈரத் துணி விறைத்து நின்றது.

"என்ன சொல்ற நீ?"

"ஒண்ணும் வேணாங்கிறேன். காசே வேணாம். பிள்ளையக் குடுங்க."

"மூணு வருஷத்துக்கு முன்னால நீயே வாரியக் கஞ்சி குடிச்சவ. உனக்கு எப்படிப் பிள்ளைய..."

"கொறச்சுக் கேக்குறவங்களுக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க? இதுக்குக் கீழ யாராவது கேக்குறாங்களான்னு கேளுங்க."

கெல்பெர்க் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர், "விதி அப்படித்தான் இருக்குங்க" என்றார். கெல்பெர்க் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். வேறு வருஷமாக இருந்தால் நாலு பேராவது அவருக்கு ஒத்து ஊதியிருப்பார்கள். பெண்டிக் தன் பூட்சைப் பார்த்தான். தில்தா கூரையைப் பார்த்தாள். மைத்துனன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

சுத்தியல் விழுந்தது. ரீக்காவை இறக்கினார்கள். சால்வையைப் பிரித்தபோது சின்னது அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"இது சின்னது. இதால வேலைக்கு ஆவாது, வளத்துத்தான் வேலை வாங்கணும். எவ்வளவு?"

தூரத்துப் பண்ணைக்காரன் ஒருவன் ஐம்பது என்றான். எதிர்க்கரையிலிருந்தும் மூன்று மணி நேரப் பயணம் அவன் ஊருக்கு. வெண்ட்லா எழுதினாள்: ஐம்பது. ஒருவன் நாற்பத்தைந்து. எழுதினாள். தூரத்துக்காரன் நாற்பது. எழுதினாள். வீட்டில் நாலு பிள்ளைகள், விற்காத ரொட்டி, இனி மீனுக்கு எங்கே போவது என்று தெரியாத நாள்கள் எல்லாம் அவள் தலைக்குள் ஓடின. பென்சில் மட்டும் ஓடாமல் நிற்பதை அவள் கவனிக்கவில்லை.

குஸ்தாவா ரீக்காவின் கையைப் பிடித்தபடி கூடத்தைக் கடந்து வந்து அவள் முன்னால் நின்றாள்.

"எழுதினது போதும்டி," என்றாள். "கையத் தூக்கு."

வெண்ட்லா கையைத் தூக்கினாள். பென்சிலோடு தூக்கினாள். "எனக்கும் ஒண்ணும் வேணாம்" என்றபோது தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது.

கெல்பெர்க்குக்கு முகம் சிவந்தது. "கர்த்தருக்குப் பயப்படாத வீட்டுக்கு வாரியம் பிள்ளையத் தராது! இவ வீட்டுல கூத்து எழுதுறா!"

"எழுதட்டும்," என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தெரியவில்லை. சொன்னவரும் காட்டிக்கொள்ளவில்லை. எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தார்.

வெளியே காற்று முகத்தை அறுத்தது. ஹில்யா வெண்ட்லாவின் இடுப்பில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்து அழுதது. குஸ்தாவா ரீக்காவைத் துணி மூட்டைகளுக்கு நடுவில் வண்டியில் உட்காரவைத்து, காய்ந்த விரிப்பு ஒன்றை உருவிப் போர்த்தினாள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"குஸ்தாவா, செல்மாவ அனுப்புறேன், கொஞ்சம் ரை மாவு இருக்கு..."

"மாவு எங்கிட்ட இருக்கு." இரண்டு எட்டு வைத்தவள் திரும்பாமலே நின்றாள். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அந்தச் சின்னதக் கூட்டிக்கிட்டு வா. அக்காவப் பாக்காம அது தூங்காது."

"கூட்டிட்டு வர்றேன்."

"நீ உள்ள வராத. வாசல்லயே நின்னுக்கோ."

வண்டி ஏரிப் பக்கமாகச் சறுக்கிப் போயிற்று. வெண்ட்லா சின்னதின் காலைத் தன் கோட்டுக்குள் இழுத்து மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.